அரிசிப் பூட்டைத் திறந்த ராஜாஜி

சாத்தம் துறைக்குக் கப்பல் எப்போது வரும் என்று நாள் எண்ணிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் நான்கு நாள் தாமதம் என்ற பேச்சு கிளம்பினால் போதும். கடையில் அரிசி குறைவதற்கு முன்பே விலை ஏறிவிடும். ஐந்து கிலோ வாங்க வந்தவர் பத்து கிலோ கேட்பார். கடைக்காரர் இருக்கிற மூட்டையை உள்ளே தள்ளி வைப்பார். உண்மையான தட்டுப்பாடு பாதி என்றால், பயத்தினால் வந்த தட்டுப்பாடு மறுபாதி.

இந்தப் பயம் ஒரு தீவை மட்டும் அல்ல, ஒரு ராஜ்யத்தையே பிடித்து ஆட்டிய காலம் உண்டு. 1952ஆம் ஆண்டு, சென்னை ராஜ்யத்தில், சட்டசபையில் பெரும்பான்மை இல்லாத ஒரு மந்திரிசபையின் தலைவர் அந்தப் பயத்தின் மேல் கை வைத்தார். அவருக்கு அப்போது வயது 73. பதவியெல்லாம் போதும் என்று வீட்டுக்குத் திரும்பியிருந்தவர். அவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் என்கிற ராஜாஜி.

தொரப்பள்ளிப் பையன்

ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிறிய கிராமத்தில் 1878 டிசம்பர் 10ஆம் தேதி ராஜாஜி பிறந்தார். தகப்பனார் கிராம முன்சீப். பெரிய சொத்துபத்து கிடையாது. ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் பயின்று, 1900இல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழில் நன்றாக நடந்தது. கையில் பணம் சேர்ந்தது. ஐந்து குழந்தைகள் பிறந்தபின் மனைவி அலர்மேல் மங்கை இளம் வயதிலேயே காலமானார். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார். அந்தக் காலத்தில் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்த ஈ.வெ.ராமசாமியுடன் ஏற்பட்ட நட்பு கடைசி மூச்சு வரை நீடித்தது. அரசியலில் இருவரும் வடதுருவம், தென்துருவம். ஆனால் ஒருவர் வீட்டு வாசல் மற்றவருக்கு ஒரு நாளும் மூடியதில்லை.

காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு வக்கீல் தொழிலை விட்டார். வேலூர்ச் சிறையில் இருந்தார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை அமைத்தார். மழை பொய்த்த வறண்ட பூமி அது. கூழுக்கும் வழியில்லாத குடும்பங்களுக்கு ராட்டையைக் கொடுத்து, நூலை வாங்கி, கூலி கொடுத்தார்கள். கதர் என்பது மேடைப் பேச்சு அல்ல, அடுப்பில் உலை ஏற்றும் சங்கதி என்பதை அவர் அங்கேதான் நேரில் கண்டார்.

1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் நூறு தொண்டர்களுடன் நடந்து சென்று உப்பு எடுத்தார். மறுபடியும் சிறை.

கடனும் கள்ளும்

1937இல் காங்கிரஸ் தேர்தலில் வென்று, ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். மாகாண முதல் மந்திரிக்கு அன்று பிரதமர் என்றுதான் பெயர். உலகப் பொருளாதார மந்தத்தின் அடி அப்போதும் ஆறவில்லை. 1930க்குப் பிறகு நெல் விலையும் நிலக்கடலை விலையும் சரிந்திருந்தன. விலை சரிந்ததே தவிர, வாங்கிய கடன் சரியவில்லை. வட்டி குட்டி போட்டது. குடியானவன் விளைச்சலை அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை ராஜாஜி கொண்டு வந்தார். 1932 அக்டோபருக்கு முன்பு வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1ஆம் தேதி வரை நின்ற வட்டி பாக்கி தள்ளுபடி ஆயிற்று. வாங்கிய அசலுக்கு இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு. லேவாதேவிக்காரர்கள் குமுறினார்கள். இனி யார் குடியானவனை நம்பிக் கடன் கொடுப்பார்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம்பிக்கை என்பது கொடுப்பவனுக்கும் வேண்டும், வாங்குபவனுக்கும் வேண்டும்.

அதற்கு முன்பே, 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்துவிட்டது. கள்ளுக்கடை மூடினால் கஜானாவுக்கு வருமானம் போகும். அதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தார். இந்தியாவில் பொது விற்பனை வரி என்பதற்கு அதுதான் பிள்ளையார் சுழி. வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஆனால் வரவுக்கு வழி சொல்லாமல் வாக்குறுதி கொடுக்கக் கூடாது என்பது ராஜாஜியின் கணக்கு.

அதே ஆட்சியில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழ்நாடு கொதித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர் நீத்தார்கள். தான் சரி என்று நினைத்ததை ஊர் முழுவதும் வேண்டாம் என்று சொன்னாலும் செய்தே தீருவது ராஜாஜியின் பலம். அதுவே அவருடைய பலவீனமும்கூட.

பர்மா அரிசி நின்றது

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். அதே ஆண்டு மார்ச் மாதம் அந்தமானிலும் இறங்கினார்கள். ஜப்பானியர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் தீவுகளில் நிலவிய பட்டினியை அந்தமான் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பர்மா அரிசி நின்றதால் தமிழ்நாடும் திண்டாடியது. வங்கத்தில் 1943இல் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த ஆண்டிலேயே சென்னை நகரில் ரேஷன் வந்தது. ஆளுக்கு இத்தனை அவுன்ஸ் என்று அரிசி அளக்கப்பட்டது. குடியானவன் தன் நெல்லைச் சர்க்கார் விலைக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அனுமதி இல்லாமல் நெல் கொண்டு போகக் கூடாது.

யுத்த காலத்தில் இது தேவையாக இருந்தது. வெள்ளைக்காரன் போனான், சுயராஜ்யம் வந்தது, ரேஷன் மட்டும் போகவில்லை. மழையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தது. ரயிலில் அரிசி மூட்டையைத் தேடிப் போலீஸ் ஏறும். பெண்கள் மடியில் அரிசியைக் கட்டிக்கொண்டு ஊர் கடந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர் விருந்தாளிகளை எண்ணிப் பார்த்துப் பயந்தார். மிராசுதார் நெல்லைப் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளித்தார். கறுப்புச் சந்தை என்ற சொல் பாமரனுக்கும் பழகிப் போயிற்று.

இதற்கிடையே ராஜாஜியின் வாழ்க்கை எங்கெங்கோ சென்றது. 1942இல் முஸ்லிம் லீக்குடன் சமரசம் வேண்டும் என்று சொல்லிக் காங்கிரசை விட்டு விலகினார். துரோகி என்ற பட்டம் கிடைத்தது. பிறகு அதே காங்கிரஸ் அவரை அழைத்துக்கொண்டது. வங்காள கவர்னர், 1948 ஜூன் முதல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், பிறகு டில்லியில் உள்நாட்டு மந்திரி என்று பதவிகள் வந்தன. 1951 இறுதியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

பெரும்பான்மை இல்லாத பதவி

1952இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். ஆந்திரப் பகுதிகள், மலபார், தென்கன்னடம் எல்லாம் சேர்ந்திருந்த சென்னை ராஜ்யத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தார்கள். ஜனங்களின் கோபத்துக்குக் காரணம் பல. அவற்றில் முதன்மையானது அரிசி.

கம்யூனிஸ்டுகளும் பிரகாசம் கட்சியினரும் மற்றவர்களும் சேர்ந்து ஐக்கிய முன்னணி அமைத்தார்கள். 166 பேர் தங்கள் பக்கம் என்றார்கள். காங்கிரசுக்குள் ராஜாஜி கோஷ்டி, காமராஜர் கோஷ்டி என்று நெடுங்காலப் பிளவு உண்டு. ஆட்சி கைநழுவும் நிலையில், பிளவை ஒதுக்கி வைத்துவிட்டு ராஜாஜியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

அவர் தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமனம் செய்து, மந்திரிசபை அமைக்க அழைத்தார். ஏப்ரல் 10ஆம் தேதி ராஜாஜி முதல் மந்திரியானார். இது கொல்லைப்புற வழி என்று எதிர்க்கட்சிகள் கண்டித்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்கே போனார். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. ஆனால் கேள்வி நின்றது. ஜனங்கள் ஓட்டுப் போடாத ஒருவர், ஓட்டில் தோற்ற கட்சியின் பெயரால் ஆளலாமா? நியாயமான கேள்விதான். அதற்கு ராஜாஜி தர்க்கத்தால் பதில் சொல்லி ஜெயித்திருக்க முடியாது. கடைத்தெருவில்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் நடந்தது

1952 ஜூனில் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷனும் நெல் கொள்முதலும் போயின. அதிகாரிகள் பலருக்கே தூக்கம் வரவில்லை. டில்லியில் திட்டக் கமிஷன் வட்டாரத்தில் தயக்கம். கட்டுப்பாட்டை எடுத்தால் வியாபாரி பதுக்குவான், ஏழை பட்டினி கிடப்பான் என்று இடதுசாரிகள் எச்சரித்தார்கள். வங்கத்தின் நினைவு ஒன்பது வருஷத்துக்கு முந்தியதுதான். அந்த எச்சரிக்கையை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

டில்லியில் அப்போது உணவு மந்திரி ரபி அகமது கித்வாய். அவர் துணிச்சல்காரர். ராஜாஜிக்குத் துணை நின்றார். மத்திய சர்க்காரின் கையிருப்பு பின்னால் இருக்கிறது என்ற தைரியம் சென்னைக்குக் கிடைத்தது. பூட்டைத் திறந்ததை மட்டும் பேசுகிறவர்கள் இந்தக் கையிருப்பை மறந்துவிடுகிறார்கள். வெறும் பேச்சினால் நம்பிக்கை வராது. தேவைப்பட்டால் மூட்டை வரும் என்று தெரிந்தால்தான் பதுக்கியவன் கை நடுங்கும்.

அதுதான் நடந்தது. நாளை விலை ஏறும் என்ற எண்ணம் இருக்கும் வரை நெல் பத்தாயத்தை விட்டு வராது. நாளை விலை இறங்கிவிடுமோ என்ற எண்ணம் வந்தால் இன்றே வண்டி கட்டுவார்கள். ஒளிந்திருந்த நெல் வெளியே வந்தது. மழையும் வந்தது. வருணபகவானே ராஜாஜி கட்சி என்று ஜனங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். அதிர்ஷ்டம் என்று எதிரிகள் சொன்னார்கள். அதிர்ஷ்டமும் ஒரு பங்குதான். மழை பொய்த்திருந்தால் வரலாறு ராஜாஜியை வேறு மாதிரி எழுதியிருக்கும் என்பதை அவர் அபிமானிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வந்துவிடும் என்று அஞ்சிய பஞ்சம் வரவில்லை. கித்வாய் இந்த அனுபவத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ராஜ்யங்களிலும் கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தினார். 1954க்குள் நாடெங்கும் அரிசிக்கு விடுதலை கிடைத்தது.

ஜூலை 3ஆம் தேதி சட்டசபையில் நம்பிக்கைத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 151. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும் வேறு சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் கை கொடுத்தன. கட்சிகளை வளைத்துப் பிடித்த சாமர்த்தியம் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் பொய் அல்ல. ஆனால் சட்டசபை நம்பிக்கை வருவதற்கு முன்பே கடைத்தெரு நம்பிக்கை வந்துவிட்டது.

எதிரி கேட்டதையும் செய்தார்

கம்யூனிஸ்டுகளைத் தமது முதல் எதிரி என்று ராஜாஜி பகிரங்கமாக அறிவித்தவர். ஆனால் அதே 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை அவசரச் சட்டமாகக் கொண்டு வந்தார். குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று உறுதி செய்தது அது. இஷ்டம் போல் நிலத்தை விட்டு வெளியேற்றவும் தடை வந்தது. கீழத்தஞ்சையில் இதற்காகச் செங்கொடி பிடித்து அடிபட்டவர்கள் கம்யூனிஸ்டுகள். மிராசுதார்களோ பெரும்பாலும் காங்கிரஸ் பக்கம் இருந்தவர்கள். தன் கட்சிக்காரருக்குக் கசப்பு மருந்து கொடுத்து, எதிரி கேட்டதில் ஒரு பகுதியை நிறைவேற்றினார். செங்கொடிக்காரர்களின் போராட்டம் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் வந்திருக்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

அந்தச் சமயத்தில் கைத்தறி நெசவாளர்கள் பிழைப்பின்றித் தவித்தார்கள். நெய்த துணி வீட்டில் தேங்கியது. தறி நின்றது. கஞ்சித் தொட்டியின் முன் நெசவாளர் குடும்பங்கள் நின்ற காலம் அது. வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே என்று ஒதுக்க வேண்டும் என ராஜாஜி டில்லியிடம் வாதாடினார். அங்கே இருந்ததும் அவருடைய கட்சியின் சர்க்கார்தான். ஆனாலும் விடவில்லை. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. மில்களின் வேட்டி உற்பத்திக்கு வரம்பு வந்தது. மில் துணிக்கு கெஜத்துக்கு 3 தம்பிடி தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குத் திருப்பும் சட்டம் 1953இல் வந்தது. அதே நேரத்தில் அண்ணாதுரையும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் வெளுத்து வாங்கியவர்கள், நெசவாளி விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள்.

சம்பாதித்ததை இழந்தார்

1953இல் ஆரம்பப் பள்ளிகளில் புதிய திட்டத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் தகப்பன் தொழில். சர்க்காரிடம் பணம் இல்லை, பள்ளியில் இடம் இல்லை, இருக்கிற வாத்தியாரைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. சட்டசபையில் கலந்து பேசவில்லை. கட்சிக்காரரிடம்கூடக் கேட்கவில்லை.

செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்று பெரியாரும் கழகத்தாரும் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட ஜனங்கள், தங்கள் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு மறுபடி சாத்தப்படுவதாகக் கண்டார்கள். அந்தப் பயத்துக்கு ஆயிரம் வருஷத்து அனுபவம் இருந்தது. அரிசி விஷயத்தில் ஜனங்களின் மனத்தைப் படித்தவர், கல்வி விஷயத்தில் படிக்கத் தவறிவிட்டார். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. 1954 ஏப்ரலில் பதவி விலகினார். காமராஜர் முதல் மந்திரியாகி, அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அதே ஆண்டு பாரத ரத்னா பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, ராதாகிருஷ்ணன், சி.வி.ராமன் ஆகியோருடன் ராஜாஜிக்கும் கிடைத்தது. ராமாயணமும் பாரதமும் தமிழில் எழுதினார். ஆனால் அரசியல் அவரை விடவில்லை.

எண்பது வயதில் புதுக் கட்சி

1959இல், எண்பது வயதைக் கடந்த பிறகு, சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் பர்மிட், எதற்கெடுத்தாலும் லைசென்ஸ் என்ற ஆட்சி, தொழில் செய்பவனையும் கெடுக்கும், லைசென்ஸ் கொடுப்பவனையும் கெடுக்கும் என்பது அவர் வாதம். ரேஷன் காலத்தில் கண்டதையே நாடு முழுவதற்கும் விரித்துப் பேசினார். பணக்காரர் கட்சி, ஜமீன்தார் கட்சி என்று காங்கிரசும் கம்யூனிஸ்டுகளும் கேலி செய்தன. பழைய சமஸ்தான ராஜாக்கள் பலர் அதில் சேர்ந்ததால் கேலிக்கு இடமும் இருந்தது. 1967இல் அந்தக் கட்சி லோக்சபையில் 44 இடங்களைப் பெற்றது.

1965, 66இல் மறுபடியும் மழை பொய்த்தது. பக்தவத்சலம் ஆட்சியில் மறுபடியும் அரிசிக் கியூ. ராஜாஜி, கொள்கையில் தமக்கு நேர் எதிரான தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தார். தேர்தல் மேடைகளில் படியரிசி பேசப்பட்டது. 1952இல் அரிசி காங்கிரசைத் தள்ளாட வைத்தது. 1967இல் வீழ்த்தியே விட்டது. அண்ணா முதல் மந்திரியாகி, ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மூன்று படி லட்சியம் என்று சொன்னதை எட்ட முடியவில்லை. கஜானா இடம் தரவில்லை. ஆட்சியைப் பிடிப்பது வேறு, அரிசியைக் கொண்டு வருவது வேறு என்பதை ஒவ்வொரு கட்சியும் தன் முறை வரும்போது கற்றுக்கொண்டது.

1971இல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட இருந்தபோது, 92 வயது ராஜாஜி முதல் மந்திரி கருணாநிதியின் வீடு தேடிச் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டது கிடைக்கவில்லை. 1937இல் சேலத்தில் தான் மூடிய கடைகள் மறுபடி திறப்பதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் போனார்.

1972 டிசம்பர் 25ஆம் தேதி சென்னையில் ராஜாஜி காலமானார். மயானத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்த பெரியார், எல்லோர் முன்னிலையிலும் தேம்பி அழுதார். வாழ்நாள் முழுவதும் கொள்கையில் சண்டை போட்டவர் அவர். ஆனால் போனது எதிரி அல்ல, சிநேகிதர்.

பஞ்ச காலத்தில் ஒரு கட்சி இன்னொரு கட்சியைக் குறை சொல்வது சுலபம். அந்தச் சண்டையில் முதலில் பயப்படுவது ரேஷன் கியூவில் பையோடு நிற்பவன்தான். அவன் பயத்தைப் போக்க 1952இல் உதவியது மூன்று. குடியானவனை நம்பிய ஒரு மனசு, டில்லியில் இருந்த கையிருப்பு, வானத்திலிருந்து வந்த மழை. மூன்றாவது யார் கையிலும் இல்லை. முதல் இரண்டும் ஆள்பவர் கையில் உண்டு. துறையில் கப்பலுக்குக் காத்து நிற்பவன், வருவது எந்தக் கட்சியின் கப்பல் என்று கேட்பதில்லை. அரிசி வந்ததா என்றுதான் கேட்கிறான்.